உதை குறைந்த தோட்டாக்கள்

சனிக்கிழமை முற்பகல், சுடுதளத்தில் சிவரஞ்சினி விசையை அழுத்தினாள். துவக்கு வெடிக்கவில்லை. சோடாப் போத்தலைத் திறந்தால் வருமே, அந்த அளவுக்கு ஒரு "டப்". தோளில் உதையும் இல்லை, எதிரே நின்ற காகித மானில் ஓட்டையும் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. இப்படி நடந்தபிறகு அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுடுகிறவனுக்குத் தலை இரண்டு இருக்க வேண்டும் என்று வேட்டை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாயை மண் அணையின் பக்கமே பிடித்தபடி கொஞ்சம் பொறுத்தாள். பிறகு தோட்டா போடும் அறையை மூடியிருக்கிற பூட்டைப் பின்னுக்கு இழுத்தாள். தோட்டாவின் பித்தளைக் கோது வெளியே வந்து மேசையில் உருண்டது. அதன் வாயில் செருகியிருந்த ஈயச் சன்னம் இல்லை. உள்ளே மெல்லிய கரி. பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்தாள். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. சன்னம் நடுக்குழாயில் இறுகிப்போய் நின்றது.

கோதுக்குள் வெடிமருந்தே இருந்திருக்கவில்லை. அடியிலுள்ள பொறிக்குமிழ் மட்டும் வெடித்து, சன்னத்தைக் கொஞ்சத் தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டது.

"எப்பிடி?" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்து மேசையில் இருந்து சுட்டுக்கொண்டிருந்த மனிதர் காதுக்கவசத்தை ஒருபக்கம் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஒன்றுமில்லாததுதான் பிரச்சினை.

அந்தத் தோட்டா கடையில் வாங்கியதல்ல. அவளே சமையலறை மேசையில் இருந்து செய்தது. வேட்டை தெரியாதவர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் அவிழ்த்துச் சொன்னால்தான் அவள் ஏன் பயந்தாள் என்று விளங்கும்.

சிவரஞ்சினி திருகோணமலைக்காரி. நோர்வேயில், ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டி, தூக்கி, குளிக்க வைத்து, இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த வேலை அவளுடைய வலது தோளைத் தின்றுவிட்டது. உள்ளே கிழிந்த நாரைத் தைத்து விட்டார்கள். ஆனாலும் குளிர் காலத்தில் பிரா கொளுவுவதற்கே புருசனைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதே இல்லத்தில் அவளோடு அதே கட்டில்களுக்கு மறுபுறம் நின்று தூக்கியவள் பெரித். அறுபது கடந்த நோர்வேக்காரி. பெரித்துக்கும் அதே தோள், அதே தையல். அவள்தான் சிவரஞ்சினியை முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவள். பெரித் பேசாமல் ஒரு மரப்பரணில் மணிக்கணக்காக இருப்பாள். வீட்டிலும் வேலையிலும் ஓயாமல் யாராவது கூப்பிட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்த மௌனம் பழகியபிறகு விட முடியவில்லை. பரீட்சை எழுதினாள், சுட்டுக் காட்டினாள், அனுமதி எடுத்தாள்.

போன வருடம் ஒரு தவறு நடந்தது. கடைத்தோட்டா உதைக்கும் உதை தோளில் கத்தி மாதிரி இறங்கும். அந்த நோவுக்குப் பயந்து, விசையை அழுத்துவதற்கு முன்னமே அவளுடைய கண் தானாக மூடிக்கொண்டது. சின்ன மான் ஒன்று, ரோடிர் என்பார்கள் இங்கே, ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிது, பின்தொடையில் அடிபட்டு ஓடிவிட்டது. நாயைக் கொண்டுவந்து தேடி, பற்றைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததைக் கண்டுபிடிக்கும்போது பின்னேரமாகிவிட்டது. அதன் கண்ணை அவள் பார்த்தாள். இனிமேல் வேட்டையை விடுவது, அல்லது கண் மூடாமல் சுடக்கூடிய ஒரு தோட்டாவைச் செய்வது, இரண்டில் ஒன்று என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

அடுத்து வந்த கோடை முழுக்க அதுதான் வேலை. உதை குறைய மருந்து குறைய வேண்டும், ஆனால் மெதுவாய் எரிகிற மருந்தை நினைத்தபடி குறைத்தால் ஆபத்து என்று புத்தகம் சொன்னது. அதனால் இப்படியான தோட்டாவுக்கென்றே புத்தகத்தில் போட்டிருந்த, சீக்கிரம் எரிகிற மருந்தை வாங்கினாள். குறைந்த வேகத்திலும் விரிந்து கொல்லக்கூடிய மென்மையான மூக்குள்ள சன்னம். அட்டவணையில் உள்ளதற்குக் கீழும் போகாமல் மேலும் போகாமல், ஒவ்வொரு அளவாகச் செய்து, ஒவ்வொரு கிழமையும் சுட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு அளவு சரிவந்தது. உதை பாதியாகிவிட்டது. எல்க் போன்ற பெரிய மிருகத்துக்கு அது காணாது, சட்டமும் விடாது. கிட்டத்தில் நிற்கிற சின்ன மானுக்குத் தாராளம். பெரித் ஒன்று சுட்டுப் பார்த்துவிட்டு, "இது துவக்கா, பூனைக்குட்டியா?" என்று சிரித்தாள். "எனக்கும் செய்து தா" என்றாள்.

இந்த மாதிரித் தோட்டாவில் ஒரு பொல்லாப்பு உண்டு. மருந்து கோதின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கிடக்கும். வழமையான தோட்டாவில் தவறி இரண்டு தரம் போட்டால் வழிந்து கொட்டும், காட்டிக்கொடுத்துவிடும். இதில் இரண்டு தரம் போட்டாலும் உள்ளே சத்தமில்லாமல் அடங்கிவிடும். சன்னத்தை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் பூட்டு வெடித்துச் சிதறும்போதுதான் தெரியும்.

மேசையில் கிடந்த வெறும் கோதைப் பார்த்தபடி சிவரஞ்சினி நினைத்தது இதைத்தான். ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தனித்தனியே தராசில் நிறுத்துத்தான் ஊற்றினாள். இந்தக் கோதுக்கு நிறுத்த மருந்து இதற்குள் இல்லை. அப்படியானால் அது எதற்குள் இருக்கிறது?

செய்த தோட்டாக்களில் பாதி அவளிடம். மற்றப் பாதி பெரித்திடம். பெரித் விடியவே எனெபாக் காட்டில் பரணில் ஏறியிருப்பாள்.

கைபேசியை எடுத்தாள். மணி போகாமலே நோர்வேஜிய மொழியில் ஒரு பெண்குரல் செய்தி விடச் சொன்னது. பரணில் இருக்கும்போது பெரித் கைபேசியை அணைத்து வைப்பாள், அது அவளுடைய சட்டம். செய்தி விட்டாள். எழுத்திலும் அனுப்பினாள். பிறகு தோட்டா செய்த அந்த நாளை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு நாளும் அவள் பார்க்காமல் மூடுவதில்லை. குழிகள் துளைத்த மரப்பலகை ஒன்றில் கோதுகள் வாய் மேலே பார்க்க வரிசையாக நிற்கும். மருந்து ஊற்றிய ஒவ்வொரு வரிசையையும் சின்ன டோர்ச் அடித்து மேலேயிருந்து பார்ப்பாள். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும். அன்றும் பார்த்தாள். முதல் வரிசைகளைப் பார்த்து முடித்த நேரம்தான் கதவுமணி அடித்தது.

இராசமணியக்கா!

இராசமணியக்கா புருசெத்தில் அவர்களுடைய வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறவ. சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அவவுக்கு இல்லை. "நேரம் கேட்டுப் போறதுக்கு நீங்களென்ன பல்லு டொக்டரோ?" என்று கேட்பா. கோயில் பிரசாதத்தோடு வருவா, பகிடி விட்டுச் சிரிப்பா, சாப்பிட்டுவிட்டுப் போவா. ஆனால் அவவுடைய இரண்டு பொடியன்களும் ஊரில் போரின் கடைசி மாதங்களில் செத்துப்போனவர்கள். ஒருவனுடைய உடலையாவது அவ காணவில்லை. அந்த மனுசியின் கண்ணுக்கு முன்னால் சமையலறை மேசையில் தோட்டாவைப் பரப்பி வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? அந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்பதே புருசெத்தில் ஒரு தமிழருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன கதை கட்டுவார்கள் என்பது ஒருபுறம். அக்காவின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் பெரிய பயம்.

மணி அடித்ததும் புருசனும் மனைவியும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! தராசு அரிசி வாளிக்குப் பின்னால் போயிற்று. மருந்துப் போத்தல் அலுமாரிக்குள் போயிற்று. சிவரஞ்சினி கதவைத் திறக்கப் போக, புருசன் சோதிலிங்கம் பலகையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் பாய்ந்தார்.

"என்ன பிள்ளை, கதவு திறக்க இவ்வளவு நேரம்? புருசனும் பெண்சாதியும் இந்த வயசிலை என்ன செய்யிறியள்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா உள்ளே வந்தா. இடியப்பம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, அவ போனபிறகு பலகை மேசைக்குத் திரும்பி வந்தது. சிவரஞ்சினி மீதி வரிசைகளுக்கு மருந்து போட்டாள். அந்த வரிசைகளை டோர்ச் அடித்துப் பார்த்தாள். முதல் வரிசைகள் பார்த்தவைதானே என்று விட்டுவிட்டாள். மூடினாள்.

நடந்தது அங்கேதான். இப்போது அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவள் வீட்டுக்குக் கைபேசியில் எடுத்தாள்.

"இஞ்சை பாருங்கோ, ஒண்டு கேக்கிறன். இராசமணியக்கா வந்த அண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளை போனீங்களெல்லோ. ஏதும் கொட்டுப்பட்டதோ?"

மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஏன் கேக்கிறீர்?"

"கொட்டுப்பட்டதோ இல்லையோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்?"

"கட்டிலிலை வைக்கேக்கை மெத்தை அமிழ்ந்து போச்சு ரஞ்சி. கரையிலை நிண்ட ரெண்டு கோது சரிஞ்சு விழுந்தது."

"ரெண்டிலையும் மருந்து இருந்ததோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பலகையிலை அரைவாசி வெறுங்கோதுதானே. ஒண்டிலைதான் இருந்ததாக்கும் எண்டு நினைச்சன். விரிப்பை மடிச்சுக் கூட்டி அப்பிடியே ஒண்டுக்குள்ளை ஊத்திவிட்டனான். ஒரு மணியும் வீணாக்கேல்லை."

ஒரு மணியும் வீணாக்காமல் இரண்டு கோதின் மருந்தை ஒன்றுக்குள் ஊற்றியிருக்கிறார். கொட்டிய அரிசியைப் பொறுக்கிப் போடுகிற மாதிரி.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"இப்ப என்ன நடந்தது?" என்றார்.

"இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. பெரித் காட்டிலை நிக்கிறா. நான் போறன்."

"நில்லும். நானும் வாறன்."

"நீங்கள் வந்து என்ன செய்யப் போறியள்?"

"நான் வாறன் ரஞ்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டித்தார்.

அவள் சாமான்களை வாரிக் காருக்குள் போட்டாள். துவக்கை உறையில் இட்டுப் பூட்டினாள். புருசெத் சந்தியைத் தாண்டும்போது அவர் வேலைக்குப் போடுகிற மஞ்சள் மேலங்கியோடு தெருவோரத்தில் நின்றார். சுரங்க ரயில் ஓட்டுகிறவர். அவரை ஏற்றாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

ஏறியிருந்ததும் இடுப்புப்பட்டியைக் கொளுவிக்கொண்டு கேட்டார்: "உம்மட்டை மிச்சமிருக்கிறதுக்குள்ளையும் அது இருக்கலாமெல்லோ?"

"இருக்கலாம். பெரித்தின்ரை பெட்டியிலையும் இருக்கலாம்."

"எடை போட்டால் தெரியாதோ?"

"கோதெல்லாம் கண்ட கண்ட கொம்பனி. ஒரு கோதுக்கும் மற்றக் கோதுக்கும் உள்ள வித்தியாசமே நான் போடுற மருந்தை விடக் கூட. எடையை நம்பேலாது."

"குலுக்கிப் பார்த்தால்?"

"எல்லாம் சலசலக்கும். ஒண்டெண்டாலும் சலசலக்கும், ரெண்டெண்டாலும் சலசலக்கும். கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

அவர் பெரித்தின் இலக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக் காதில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்குரலே வந்தது. நகரம் முடிந்து வயல் தொடங்கியது. வைக்கோலை வெள்ளைப் பொலித்தீனில் சுற்றி உருட்டி விட்டிருந்தார்கள். ஒரு வளைவில் உழவு இயந்திரம் ஒன்று முன்னால் மாட்டுப்பட்டு, ஆடி அசைந்து போயிற்று. சிவரஞ்சினிக்கு ஹோன் அடிக்கக் கை போயிற்று. அந்த நாட்டில் அவள் ஒரு நாளும் ஹோன் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தாள். உழவுக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினான்.

"பெரித் கட்டாயம் சுடுவாவோ இண்டைக்கு?" என்று சோதிலிங்கம் மெல்லக் கேட்டார். "சில நாள் மானே வராதெண்டு நீர் சொல்லுவீரெல்லோ."

"வரக்கூடாதெண்டு கும்பிடுங்கோ."

அவர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. அவளுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அழுகை. ஒரு முகத்தின் பாதி இல்லாமல் போனால் எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் பார்த்திருக்கிறாள். பெரித்தின் முகத்தை அப்படி நினைக்கக்கூடாது என்று மனதை அதட்டினாள். மனம் அந்தத் திசையிலேயே போயிற்று.

காட்டுப்பாதை முடிகிற இடத்தில் பெரித்தின் சிவப்புக் கார் நின்றது. தகப்பன் விட்டுப்போன காணி அது. அவளைத் தவிர அங்கே வேறு யாரும் வேட்டையாடுவதில்லை. சிவரஞ்சினி செம்மஞ்சள் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பின்னாலை வாங்கோ. சத்தம் போட்டுக்கொண்டு வாங்கோ. சுடுறவளுக்கு முன்னாலை மனுசர் திடுக்கெண்டு போய் நிக்கக்கூடாது. உங்கடை ஸ்டேசன் குரலாலை கூப்பிடுங்கோ."

சோதிலிங்கத்தின் வாழ்க்கையில் அப்படியொரு அறிவிப்பை அவர் செய்ததில்லை. பைன் மரங்களுக்கு நடுவே, கதவு மூடப்போகிறது விலகி நில்லுங்கள் என்று சொல்கிற அதே குரலில், நோர்வேஜிய மொழியில், "பெரித்! சுட வேண்டாம்! பெரித்! துவக்கைக் கீழே வையுங்கள்!" என்று கத்திக்கொண்டே நடந்தார். காகங்கள் எழும்பின. பாசி படர்ந்த கல்லில் இரண்டு தரம் வழுக்கினார். நிறுத்தவில்லை.

பதில் வரவில்லை. சிவரஞ்சினி ஓடத் தொடங்கினாள். மரங்கள் ஐதான இடத்தில் பரண் தெரிந்தது. அதன்மேல் செம்மஞ்சள் தொப்பி ஒன்று அசையாமல் இருந்தது. தலை ஒருபக்கம் சரிந்திருந்தது.

"பெரித்!"

தொப்பி திரும்பியது. கீழே எட்டிப் பார்த்த முகம் சிவந்து, கடுகடுவென்று, முழுமையாக இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் பெரித். "பெட்டை மானொன்று காட்டோரத்தில் வந்து நின்றது. கன்னம் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உன் புருசன் ரயில் விடுகிறார். இனி இந்தப் பக்கத்து மான் எல்லாம் சுவீடனில்தான் நிற்கும்."

"பூட்டைத் திற. உள்ளே இருக்கிற தோட்டாவை எடு" என்றாள் சிவரஞ்சினி. மூச்சு வாங்கியது. "கேட்காதே. முதலில் எடு."

பெரித் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பூட்டு பின்னால் போகிற சத்தம் கேட்டது. தோட்டாக்கள் ஒவ்வொன்றாக அவளுடைய சட்டைப்பைக்குள் போயின.

பரணுக்குப் பின்னால் பெரித்தின் மரக்கொட்டில் இருந்தது. அதன் வாசலில் பெரிய கல். விருந்தாளி வந்ததும் பலகையை ஒளித்ததையும், ஒரு கோதின் மருந்து மற்றொன்றுக்குள் போயிருப்பதையும் சிவரஞ்சினி சொன்னாள். தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியலைத் தன் பையிலிருந்து எடுத்துக் கல்லருகே வைத்தாள். அது பார்வைக்குச் சுத்தியல்தான். தலைக்குள் பொந்து இருக்கும். அதற்குள் தோட்டாவை இறுக்கிவிட்டுக் கல்லில் ஓங்கி அடித்தால், அதிர்ச்சியில் சன்னம் கழன்று மருந்தோடு உள்ளே விழும்.

"நான் அடிக்கிறன்" என்றார் சோதிலிங்கம். "உமக்குத் தோள் ஏலாது."

வீட்டில் துவக்கு அலுமாரிப் பக்கமே போகாத மனுசன் அவர். கல்லருகே முழங்காலில் இருந்து அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய கண் மூடித் திறந்தது. சிவரஞ்சினி மருந்தைக் கோப்பிப் போத்தலின் மூடி ஒன்றில் கொட்டி, மட்டத்தைப் பார்த்து, அப்பால் ஊற்றினாள். பெரித் கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிவரஞ்சினியின் பெட்டி முடிந்தது. எல்லாம் ஒரே அளவு. கடைசித் தோட்டாவும் ஒழுங்காக விழுந்தது. அப்படியானால் மற்றப் பெட்டிதான்.

"வியாழக்கிழமை மூன்று சுட்டேன்" என்றாள் பெரித். "சரியாகத்தான் இருந்தது."

பெரித்தின் தோட்டாக்களில் பாதிக்கு மேல் பிரித்தாகிவிட்டது. சோதிலிங்கம் சுத்தியலை நிமிர்த்திக் கொடுத்தார். சிவரஞ்சினி சரித்தாள். மருந்து விழுந்தது, விழுந்து முடியவில்லை, இன்னும் விழுந்தது. மூடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குவியல். அதற்குள்ளே கட்டில் விரிப்பின் நீல நூல் ஒன்றும் கிடந்தது.

பெரித் குனிந்து பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"இது எங்கே இருந்தது? துவக்குக்குள்ளா, பெட்டியிலா?"

"உன் சட்டைப்பையிலிருந்து எடுத்தது."

பெரித் துவக்கிலிருந்து கழற்றிய தோட்டாக்களை அந்தப் பைக்குள்தான் போட்டிருந்தாள். அவள் நிமிர்ந்தாள். "எப்படி வந்தது?"

"நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றாள் சிவரஞ்சினி. "முழுப் பலகையையும் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் பிழை."

சோதிலிங்கம் சுத்தியலைக் கல்லில் வைத்தார். எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "இல்லை. கொட்டினது நான். திருப்பி ஊற்றினதும் நான். அவளுக்குத் தெரியாது."

"ஏன் அவளிடம் சொல்லவில்லை?" என்று பெரித் கேட்டாள்.

அவர் கையிலிருந்த தூசைத் துடைத்தார். வேற்று மொழியில் சொல்வதாலோ என்னவோ, வீட்டில் வராத வார்த்தைகள் அங்கே வந்தன.

"இதுகள் வீட்டில் வேண்டாமென்று ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறவன் நான். அவள் கோடை முழுக்க இருந்து செய்தாள். நான் ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அதைக் கொட்டிவிட்டேன் என்று சொன்னால், வேண்டுமென்றே கொட்டினேன் என்று அவள் நினைப்பாள். அதுதான்."

சிவரஞ்சினி கோப்பி மூடியைக் கையில் வைத்தபடி நின்றாள். முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுக்கிற மனுசன் இதை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லி அவள் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரித்தின் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீங்கள் இரண்டுபேரும் மற்றவர் என்ன நினைப்பார் என்று யோசித்தீர்கள். வந்த விருந்தாளி என்ன நினைப்பாள் என்று யோசித்தீர்கள். என் கன்னம் துவக்கில் இருந்தது."

இருவரும் தலை குனிந்தார்கள்.

மிச்சத்தையும் பிரித்து முடித்தார்கள். பெரித் துவக்கை உறையில் இடப் போனாள். பட்டியைக் கொளுவ முடியவில்லை. சிவரஞ்சினி உதவப் போனாள். பெரித் கையைத் தட்டவில்லை, ஆனால் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அவளே கொளுவினாள்.

"நாளைக்கு வரட்டா?" என்று சிவரஞ்சினி கேட்டாள்.

"வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை." பெரித் காட்டோரத்தைப் பார்த்தாள். "நாளைக்கு நான் விசையை அழுத்தினால் என் கண் மூடும். எந்தத் தோட்டா போட்டாலும் மூடும். அது மானுக்கு அநியாயம். எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்."

அதற்குமேல் நிற்க முடியவில்லை. இருவரும் காருக்கு நடந்தார்கள். பிரித்த கோதுகள் பைக்குள் கிணுகிணுத்தன.

கார் வயல்வெளியைத் தாண்டியது. சோதிலிங்கம் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், சுத்தியல் அடித்து உள்ளங்கை சிவந்திருந்தது.

"அப்பிடி நினைச்சிருப்பீரோ?" என்று கடைசியில் கேட்டார். "நான் வேணுமெண்டு கொட்டினனான் எண்டு."

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர் கொஞ்சம் ஆறுவார். அவள் அந்தச் சொல்லை வாய்வரை கொண்டுவந்தாள். ஒரு சின்ன விசயத்தைச் சொல்லாமல் மூடி வைத்ததால் என்ன விளைந்ததென்று இப்போதுதான் ஒரு கோப்பி மூடியில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஓம். நினைச்சிருப்பன்."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"நினைச்சுச் சண்டை பிடிச்சிருப்பன். ரெண்டு நாள் சோறு தராமல் விட்டிருப்பன். பிடிச்சால் என்னப்பா? சொல்லியிருக்க வேணும். நானும் பார்த்திருக்க வேணும். உங்களை மட்டும் சொல்லேல்லை."

அவர் தலையாட்டினார். வெளியே மழை தூறத் தொடங்கியது. துடைப்பான் போட்டாள்.

"இனியும் செய்யப் போறீரோ, இந்தத் தோட்டா?"

பரணில் சரிந்திருந்த அந்தத் தொப்பி அவளுடைய கண்ணுக்குள் நின்றது. அது குறி பார்க்கிற சரிவு என்று தெரியாமல், வேறொன்று என்று நினைத்துக்கொண்டு அவள் ஓடிய அந்தக் கொஞ்சத் தூரம் இன்னும் முடிந்தபாடில்லை.

"தெரியாது" என்றாள். "கேக்காதையுங்கோ இப்ப."

சந்தியில் காரைத் திருப்பும்போது அவளுடைய வலது கை பாதியில் நின்றது, தோள் விடவில்லை. அவர் எட்டி ஸ்டியரிங்கில் கை வைத்தார். இருவருமாகத் திருப்பினார்கள்.